பயிற்சி முகாமில் இளம் தடுப்பாட்டக்காரர்கள்: ஐஸ் ஹாக்கிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல்.லில், செப்டம்பர் நடுவில் பயிற்சி முகாம்கள் தொடங்குவது வழக்கம். லீக்கின் 32 அணிகளும் தலா ஐம்பது அறுபது பேரை, சில ஆண்டுகளில் அதற்கும் மேற்பட்டோரை, முகாமுக்கு அழைக்கின்றன. பருவம் தொடங்கும் நாளில் அவர்களில் 23 பேருக்கு மேல் அணிப் பட்டியலில் இருக்க முடியாது. அந்த 23 பேரில் தடுப்பாட்டக்காரர்கள் ஏழு அல்லது எட்டுப் பேர்தான். ஓர் ஆட்டத்தில் மூன்று இணைகளாக ஆறு பேர் இறங்குவார்கள். ஆக, முகாமுக்கு வரும் இருபது வயது இளைஞர் ஒருவர் போட்டியிடுவது பெரும்பாலும் ஓரிரு இடங்களுக்காகத்தான்.

கோல் அடிப்பவரைப் புதிதாகப் பார்ப்பவரும் அடையாளம் கண்டுகொள்வார். நல்ல தடுப்பாட்டக்காரரோ, எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்பவர். அவரைக் கவனிக்கக் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். மான்ட்ரியலிலோ டொரொண்டோவிலோ குடியேறி, பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் தமிழர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் 2022 முகாமை எடுத்துக்கொள்கிறேன். அந்த அக்டோபரில் அணிப் பட்டியலில் ஒரே நேரத்தில் நான்கு அறிமுகத் தடுப்பாட்டக்காரர்கள் இடம்பெற்றிருந்தார்கள்: காய்டன் கூலி, ஆர்பர் ஜாக்காய், ஜோர்டன் ஹாரிஸ், ஜோனதன் கோவச்செவிச். நால்வரும் நான்கு வேறு வழிகளில் வந்தவர்கள் என்பதால், ஓர் அணி எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதை அவர்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதல் படி: முகாமுக்கு முன்பே காலி இடங்களை எண்ணுங்கள்

பந்தியில் எத்தனை இலை காலியாக இருக்கிறது என்று பாராமல், யாருக்குப் பசி அதிகம் என்று விவாதிப்பதில் பயனில்லை. ஒரு தாளை எடுத்து, அணியில் பெரிய ஒப்பந்தத்தோடு ஏற்கெனவே இருக்கும் தடுப்பாட்டக்காரர்களை எழுதுங்கள். எல்லா அணிகளிலும் நான்கைந்து பேரின் இடம் முகாமுக்கு முன்பே உறுதியாகியிருக்கும். மீதமிருப்பதே உண்மையான போட்டி.

எழுதும்போது, ஒவ்வொருவரும் மட்டையை எந்தப் பக்கமாகப் பிடிக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர்கள் பொதுவாக இடது பக்கத்தில் இடக்கை ஆட்டக்காரரையும் வலது பக்கத்தில் வலக்கை ஆட்டக்காரரையும் நிறுத்த விரும்புவார்கள். சுற்றுப்பலகையை ஒட்டி உருண்டு வரும் வட்டை (பந்துக்குப் பதில் இங்கே பயன்படுவது ரப்பர் வட்டு) வலது பக்கத்தில் நிற்கும் வலக்கைக்காரர் மட்டையின் முன்புறத்தால் எளிதாக நிறுத்தி அனுப்பிவிடுவார். அதே இடத்தில் நிற்கும் இடக்கைக்காரர் மட்டையின் பின்புறத்தை நம்ப வேண்டியிருக்கும், அதற்கு ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்படும். வலக்கைத் தடுப்பாட்டக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே சம திறமையுள்ள இருவரில் வலக்கைக்காரருக்கு வாய்ப்பு முன்னதாகவே வரும்.

2022 கோடையில் மான்ட்ரியலின் நிலைமையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முந்தைய பருவத்தை லீக்கிலேயே கடைசி இடத்தில் முடித்திருந்த அணி அது. ஜூலையில் அலெக்ஸாண்டர் ரொமானோவை நியூயார்க் ஐலண்டர்ஸுக்கும் ஜெஃப் பெட்ரியைப் பிட்ஸ்பர்க்குக்கும் கொடுத்துவிட்டது. பெட்ரிக்குப் பதிலாக வந்தவர் இடக்கைக்காரரான மைக் மதிசன். இடது பக்கத்தில் மதிசனும் ஜோயல் எட்மண்ட்சனும், வலது பக்கத்தில் டேவிட் சவாரும் கிரிஸ் வைட்மனும் அனுபவசாலிகள். அவர்களுக்குக் கீழே இடக்கை இளைஞர்கள் நிறையவே இருந்தார்கள். வலக்கையில் குறிப்பிடத்தக்க இளைஞர் என்று சொல்ல ஜஸ்டின் பாரன் இருந்தார், அவ்வளவுதான். இந்த ஒரு குறிப்பைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அக்டோபரில் நடந்தது ஆச்சரியமாக இருந்திருக்காது.

இரண்டாம் படி: ஒப்பந்த விதிகளில் மூன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்

பனித்தளத்தில் நடப்பதைப் போலவே காகிதத்தில் நடப்பதும் இடத்தைத் தீர்மானிக்கும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, வேய்வர்ஸ். ஓர் ஆட்டக்காரரை அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப வேண்டுமென்றால், முதலில் மற்ற 31 அணிகளின் பார்வைக்கும் அவரை வைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் எந்த அணியாவது கேட்டால், அவருடைய ஒப்பந்தம் அப்படியே அந்த அணிக்குப் போய்விடும். பதிலுக்கு எதுவும் கிடைக்காது. இளைஞர்களுக்கு இதிலிருந்து சில ஆண்டுகள் விலக்கு உண்டு. 18 வயதில் கையெழுத்திட்டவருக்கு ஐந்து ஆண்டுகள் அல்லது 160 என்.எச்.எல். ஆட்டங்கள், எது முன்னதாக வருகிறதோ அதுவரை. 20 வயதில் கையெழுத்திட்டவருக்கு மூன்று ஆண்டுகள் அல்லது 160 ஆட்டங்கள். வயது கூடக்கூட இந்தச் சலுகை சுருங்கும். 18, 19 வயதிலேயே ஒரு பருவத்தில் 11 ஆட்டங்கள் ஆடிவிட்டாலும் விலக்குக் காலம் குறைந்துவிடும்.

இதன் விளைவு எளிமையானது. இரண்டு பேர் ஏறக்குறைய சமமாக ஆடினால், விலக்கு உள்ளவர் கீழே போவார், விலக்கு முடிந்தவர் மேலே தங்குவார். இதை அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. அணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை: ஒருவரை இலவசமாக இழப்பதைவிட இருவரையும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது, ஜூனியர் விதி. கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட, 20 வயது நிறையாத ஒருவர் என்.எச்.எல்.லில் ஆட வேண்டும், இல்லையென்றால் தன் ஜூனியர் அணிக்குத் திரும்ப வேண்டும்; நடுவிலுள்ள ஏ.எச்.எல். அவருக்கு மூடப்பட்ட கதவாகவே நெடுங்காலம் இருந்தது. 2026-27 பருவத்திலிருந்து நடைமுறைக்கு வரும், லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான புதிய ஒப்பந்தம், ஓர் அணி ஒரு பத்தொன்பது வயதுக்காரரை ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப வழி செய்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்தோ வருபவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மூன்றாவது, ஒன்பது ஆட்டக் கணக்கு. 18 அல்லது 19 வயது ஆட்டக்காரர் ஒரு பருவத்தில் பத்து என்.எச்.எல். ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால், அவருடைய மூன்றாண்டுத் தொடக்க ஒப்பந்தத்தின் ஓராண்டு செலவாகாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். ஆகவே முகாமில் இடம்பிடித்துவிட்டார் என்று கொண்டாடப்படும் ஒரு பதினெட்டு வயதுக்காரர், ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும் ஜூனியருக்குத் திரும்பினால் அதில் மர்மம் எதுவும் இல்லை.

மூன்றாம் படி: புதுமுக முகாமைப் பாருங்கள், புள்ளிகளை (கோல்களும் கோல்களுக்கான பாஸ்களும் சேர்ந்த கணக்கை) நம்பாதீர்கள்

பெரிய முகாமுக்குச் சில நாட்கள் முன்பு புதுமுகங்கள் மட்டும் கூடுவார்கள். பல அணிகளின் புதுமுகங்கள் மோதும் சிறு போட்டித் தொடர்களும் நடக்கும். அங்கே எதிரில் நிற்பவர்களும் இளைஞர்கள்தான் என்பதால், மூன்று கோலுக்கு வழிவகுத்த ஒரு தடுப்பாட்டக்காரர் அதே ஆட்டத்தை முப்பது வயது அனுபவசாலிகளுக்கு எதிராகவும் ஆடுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் இந்த முகாமை அலட்சியப்படுத்த வேண்டாம். ஒன்டாரியோவின் ஹாமில்டனைச் சேர்ந்த ஜாக்காய், டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில், எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாதவர். பெருந்தொற்றால் ஜூனியர் பருவம் ரத்தான காலத்தில் காஸ்ட்கோ கடையில் வேலை பார்த்தவர். 2021இல் கனேடியன்ஸின் புதுமுக முகாமுக்கு அழைப்பின் பேரில் வந்து, அந்த இலையுதிர் காலத்திலேயே ஒப்பந்தம் பெற்றார். அழைப்பின் பேரில் வந்தவர் என்று பட்டியலில் அடைப்புக்குறிக்குள் குறிக்கப்பட்டிருக்கும் பெயர்களையும் அதனால்தான் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

நான்காம் படி: பயிற்சியில் யார் யாரோடு நிற்கிறார் என்று பாருங்கள்

முகாமின் முதல் நாள் மருத்துவப் பரிசோதனையிலும் உடல்திறன் சோதனையிலும் போகும். அதன் பிறகு அணி இரண்டு மூன்று குழுக்களாகப் பிரிந்து பனித்தளத்தில் இறங்கும். கனேடியன்ஸின் பயிற்சித் தளம் மான்ட்ரியலுக்குத் தெற்கே ப்ரோஸார்டில் இருக்கிறது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய நாட்களை அணியே அறிவிக்கும். போக முடிந்தால் கோல் வலைக்குப் பின்னால் இடம்பிடிக்காமல், ஒவ்வோர் அணியின் பகுதியையும் நடுப்பகுதியிலிருந்து பிரிக்கும் நீலக்கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். தடுப்பாட்டக்காரர்களுக்கிடையேயான இடைவெளி அங்கிருந்துதான் தெரியும்.

இணை என்பது பயிற்சியாளர் வாய் திறக்காமல் சொல்லும் செய்தி. இளைஞர் ஒருவர் முதல் வரிசை அனுபவசாலியோடு தொடர்ந்து நிற்கிறார் என்றால், அவரை உண்மையான சூழ்நிலையில் சோதிக்கிறார்கள் என்று பொருள். ஏ.எச்.எல்.லுக்குப் போகப்போகிறவர்களோடு சேர்ந்து நின்றால், நன்றாக ஆடினாலும் அவருக்கான திட்டம் வேறு. ஒரே ஒரு நாளை வைத்து முடிவுகட்ட வேண்டாம்; மூன்றாவது நாளும் அதே இணை நீடிக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: முன்பருவ ஆட்டத்தில் இந்த நான்கு நொடிகளைக் கவனியுங்கள்

எதிரணியின் முன்கள ஆட்டக்காரர் நடுக்கோட்டைத் தாண்டி வட்டை மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்துகிறார். இளம் தடுப்பாட்டக்காரர் திரும்பி அதை எடுக்கச் சறுக்குகிறார். இந்த இடத்தில் வட்டைப் பார்க்காமல் அவருடைய தலையைப் பாருங்கள். வட்டை அடைவதற்கு முன் தோளுக்கு மேலே ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை, திரும்பிப் பார்க்கிறாரா? பார்த்தவருக்கு, துரத்தி வருபவர் எந்தப் பக்கம், தன் இணை எங்கே, ஓரத்தில் நிற்கும் சக முன்கள ஆட்டக்காரர் தயாரா என்ற மூன்றும் தெரிந்துவிடும். அதன் பின் ஒரு பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்து மறுபக்கம் திரும்புவது, வலைக்குப் பின்னால் இணைக்குத் தள்ளுவது, நேராக நடுவில் இருப்பவருக்கு அனுப்புவது என்று வழிகள் பல. பார்க்காதவர் பலகையில் மோதி விழுவார், அல்லது கண்ணை மூடிக்கொண்டு வட்டைச் சுற்றுப்பலகையோடு அடித்துவிடுவார்; அது பெரும்பாலும் எதிரணியின் மட்டைக்கே போகும்.

இது முழுவதும் ஏறக்குறைய நான்கு நொடிகளில் முடிந்துவிடும். ஓர் ஆட்டத்தில் திரும்பத் திரும்ப நடக்கும். பத்து முறை நடந்ததில் எத்தனை முறை வட்டு நம் கட்டுப்பாட்டிலேயே வெளியேறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோல்களையும் கோல்களுக்கான பாஸ்களையும்விட இந்த ஒரு குறிப்பு உங்களுக்கு அதிகம் சொல்லும் என்பது என் கணிப்பு.

அடுத்தது இடைவெளி. எதிரணி வேகமாக ஏறி வரும்போது தடுப்பாட்டக்காரர் பின்னோக்கிச் சறுக்குவார். தனக்கும் வட்டு வைத்திருப்பவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மட்டை நீளத்தை வைத்துக்கொண்டு, நீலக்கோட்டிலேயே எதிராளியை ஒரு முடிவெடுக்கக் கட்டாயப்படுத்துபவர் தன் கால்களை நம்புகிறார். பயந்து பின்வாங்கிக்கொண்டே போய் கோல்கீப்பருக்கு முன்னால் நிற்பவர், எதிராளிக்கு நிதானமாகக் குறிபார்க்க இடம் கொடுத்துவிடுகிறார். ஐரோப்பாவிலிருந்து வரும் இளைஞர்களிடம் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். என்.எச்.எல். பனித்தளத்தின் அகலம் 85 அடி, அதாவது ஏறக்குறைய 26 மீட்டர். ஐரோப்பாவில் பல தளங்கள் அதைவிட அகலமானவை. அகன்ற தளத்தில் பழகியவருக்கு இங்கே எல்லாமே சீக்கிரம் வந்து சேரும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தடுப்பாட்டக்காரர் என்றால் ஆறடிக்கு மேல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அணிகளிடம் இன்னும் முழுதாகப் போகவில்லை. 2022 டிராஃப்டில் லேன் ஹட்சன் 62ஆவது இடம்வரை காத்திருக்க வேண்டிவந்ததற்கு அவருடைய உயரம் ஒரு முக்கியக் காரணம். 2024 முகாமில் மான்ட்ரியலில் இடம்பிடித்த அவர், அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களிலும் ஆடி 66 புள்ளிகள் எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்றார். சிறிய உருவமுள்ள ஒருவரைப் பார்க்கும்போது, மோதலில் விழுகிறாரா என்று கேட்பதைவிட, மோதல் நிகழும் இடத்திலிருந்து முன்கூட்டியே விலகிவிடத் தெரிந்தவரா என்று கேளுங்கள்.

எந்த ஆட்டம் என்பதும் முக்கியம். முன்பருவ ஆட்டமொன்றில் ஓர் அணி குறைந்தது எட்டு அனுபவ ஆட்டக்காரர்களை இறக்க வேண்டும் என்று லீக் விதி சொல்கிறது. அதைத் தாண்டி இருப்பவர்கள் பாதி ஏ.எச்.எல். அணியாகவே இருக்கலாம். தொடக்க ஆட்டங்களில் பிரகாசிப்பதற்கும், இரு தரப்பும் முழு அணியை இறக்கும் கடைசி ஆட்டத்தில் தாக்குப்பிடிப்பதற்கும் நிறைய தூரம் உண்டு. கடைசி ஆட்டத்தில் ஒரு இளைஞர் களமிறக்கப்படுவதே நல்ல அறிகுறி. ஒரு கோல் முன்னணியில் இருக்கும்போது கடைசி நிமிடங்களிலும், அணியில் ஒருவர் தண்டனையில் அமர்ந்திருக்கும்போதும் அவரை அனுப்பினால் இன்னும் நல்ல அறிகுறி. 2026-27 முதல் பருவம் 84 ஆட்டங்களாக நீள்கிறது, முன்பருவம் சுருங்குகிறது. விளிம்பில் நிற்கும் இளைஞருக்குத் தன்னைக் காட்டும் மாலைகள் குறைகின்றன. இது அனுபவசாலிகளுக்குச் சாதகமான மாற்றம் என்றே நினைக்கிறேன்.

ஆறாம் படி: நீக்கப் பட்டியலை வரிசையாக வாசியுங்கள்

முதலில் ஜூனியருக்குத் திரும்புபவர்களும் ஒப்பந்தமின்றி அழைப்பின் பேரில் வந்தவர்களும் போவார்கள். இரண்டாம் அலையில் வேய்வர்ஸ் விலக்கு உள்ளவர்கள் ஏ.எச்.எல். அணியின் முகாமுக்குப் போவார்கள். கடைசி அலைதான் வலிமிக்கது: விலக்கு முடிந்தவர்கள் வேய்வர்ஸில் வைக்கப்படுவார்கள். வழக்கமாக கிழக்கு நேரப்படி பிற்பகல் 2 மணிக்குப் பெயர்கள் வெளிவரும். மறுநாள் அதே நேரத்தில் முடிவு தெரியும்.

2022 அக்டோபரில் வின்னிபெக் ஜெட்ஸ் அணியில் தடுப்பாட்டக்காரர்கள் மிகுந்துபோனதால், 25 வயது கோவச்செவிச்சை வேய்வர்ஸில் வைத்தார்கள். பருவத்தின் தொடக்கத்தில் வேய்வர்ஸில் கேட்கும் உரிமை, முந்தைய பருவத்தின் தரவரிசையைத் தலைகீழாக்கிய வரிசைப்படி வரும். கடைசி இடத்தில் முடித்த மான்ட்ரியலுக்கு ஆகவே முதல் உரிமை இருந்தது. அவர்களுக்குத் தேவை வலக்கைத் தடுப்பாட்டக்காரர், கோவச்செவிச் வலக்கைக்காரர். எடுத்துக்கொண்டார்கள். அதே நேரத்தில், டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வான வலக்கைக்காரர் பாரன், விலக்கு இருந்ததால் லாவால் நகரிலுள்ள ஏ.எச்.எல். அணிக்கு அனுப்பப்பட்டார். முகாம் முழுக்க ப்ரோஸார்டில் வியர்த்தவர் கீழே போக, முகாமில் ஒரு நாள்கூட இல்லாதவர் உள்ளே வந்தார். முதல் இரண்டு படிகளை ஏன் முதலில் வைத்தேன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இடது பக்கத்தில் கதவைத் திறந்தது காயம். மதிசனும் எட்மண்ட்சனும் பருவத் தொடக்கத்துக்குத் தயாராக இல்லை. கூலியும் ஜாக்காயும் வேய்வர்ஸ் விலக்கு உள்ளவர்கள். செலவில்லாமல் லாவாலுக்கு அனுப்பியிருக்கலாம். அப்படியிருந்தும் இருவரையும் வைத்துக்கொண்டார்கள் என்றால், காயம் கதவைத் திறந்தது, உள்ளே நடந்து வந்தது அவர்களின் ஆட்டம் என்றுதான் கொள்ள வேண்டும். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக அணியின் தலைவராக இருந்த ஹாரிஸ், முந்தைய வசந்தத்திலேயே பத்து என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடி வந்திருந்தார். பயிற்சியாளர் மார்ட்டின் சான் லூயிக்கு அவர் ஏற்கெனவே தெரிந்தவர்.

ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் எல்லையான சம்பள உச்சவரம்பையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். 2025-26இல் அது 9.55 கோடி டாலர், 2026-27க்கு 10.4 கோடி டாலர். 2025-26க்கு முன்புவரை, வரம்பை ஒட்டி நின்ற அணிகள், கணக்கைச் சரிசெய்வதற்காகவே விலக்குள்ள இளைஞரை ஓரிரு நாள் காகிதத்தில் கீழே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டதுண்டு. பழைய செய்திகளில் அதைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

ஏழாம் படி: பருவம் தொடங்கிய பிறகும் தாளை வைத்திருங்கள்

கீழே அனுப்பப்படுவது பல சமயம் அந்த இளைஞருக்கே நல்லது. மேலே ஏழாவது ஆளாகப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பதைவிட, ஏ.எச்.எல்.லில் இரவுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆடுவது தடுப்பாட்டக்காரரை வளர்க்கும். டெட்ராய்ட் 2019இல் ஆறாவது இடத்தில் தேர்ந்தெடுத்த மோரிட்ஸ் சைடர், ஒரு பருவம் ஏ.எச்.எல்.லிலும் அடுத்த பருவம் சுவீடன் லீக்கிலும் ஆடினார். 2021-22இல்தான் என்.எச்.எல்.லுக்கு வந்தார், வந்த ஆண்டிலேயே 50 புள்ளிகளோடு கால்டர் கோப்பையை வென்றார். இரண்டு ஆண்டுக் காத்திருப்பைத் தோல்வி என்று யாரும் இன்று சொல்வதில்லை.

2022இன் நால்வரில் கூலிக்கு மான்ட்ரியல் பின்னர் ஆறாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஹாரிஸ் 2024இல் கொலம்பஸுக்கு மாற்றப்பட்டார். ஜாக்காய் முதல் பருவத்தில் 51 ஆட்டங்கள் ஆடிய நிலையில் தோள் காயத்தால் நிறுத்தப்பட்டார். வேய்வர்ஸில் இலவசமாக வந்த கோவச்செவிச்தான் அந்தப் பருவத்தில் நால்வரிலும் அதிகமாக 77 ஆட்டங்கள் ஆடினார். பின்னர் நியூ ஜெர்சிக்குப் போய் 2025இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் பெற்றார்.

உங்கள் தாளில் குறிக்க வேண்டிய அடுத்த நாள், அணியின் பத்தாவது ஆட்டம். பத்தொன்பது வயதுக்காரர் யாராவது அதுவரை எல்லா ஆட்டங்களிலும் ஆடியிருந்தால், அன்று அவர் பெயர் ஆட்ட வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். காயத்திலிருந்து திரும்பும் அனுபவசாலிகள் யாருடைய இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்பதும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான் தெரியவரும்.